நாலு அங்குலத் துண்டு

ராணுவ ஆஸ்பத்திரி
12-1-1963

அன்புள்ள குழல்வாய்மொழிக்கு, வீரபாகு எழுதுவது. நான் எழுந்து நடமாடுகிறேன். தென்காசியில் நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நீ பின்னி அனுப்பின ஸ்வெட்டர் வந்தது. மார்பில் இறுக்கிப் பிடித்ததால் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. இங்கே நர்ஸம்மா நாகர்கோவில்காரி. அதைப் பார்த்துவிட்டு, "கண்ணி எண்ணிக்கை சரிதான். உங்க வீட்டுல நூலை இறுக்கிப் பின்னுதாங்க, அதான் சின்னதாப் போச்சு. முதல்ல இருபது கண்ணி போட்டு, நாலு அங்குலத்துக்கு ஒரு துண்டு பின்னச் சொல்லுங்க. ஸ்கேல் வச்சு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுதுன்னு பார்த்துட்டு உடுப்பை ஆரம்பிக்கட்டும்" என்றாள்.

அடுத்ததை அப்படியே ஆரம்பி. இடது கை மட்டும் முழங்கை வரை போதும். பனியில் விரல்கள் கறுத்து, புண் மேலே ஏறியதால் டாக்டர் எடுத்துவிட்டார். இப்போது வலி இல்லை. எழுதுகிற கை நன்றாக இருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். அம்மாவிடம் நானே வந்து சொல்லிக்கொள்கிறேன். அழுகை வந்தால் கோயில் வாசலுக்குப் போய் நில்லு. அங்கே எந்நேரமும் சுழற்றி அடிக்கிற காத்தில் கண் கலங்காத ஆள் யார் இருக்கா? ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பின்னிப் பார்த்த துண்டைப் பிரித்துவிடாதே. அதை முதலில் கவரில் வைத்து அனுப்பு. ஸ்வெட்டர் மெதுவாக வரட்டும். உன் கை பட்டது ஏதாவது ஒன்று சீக்கிரம் வந்தால் போதும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன்
வீரபாகு