தூசி துடைத்தவள் எழுதுவது

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பேனர் வைக்கப் போகிறார்களாம். பழைய குழுவில் மிஞ்சியிருக்கும் மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, கீபோர்டுக்கு முன்னால் நீங்கள் நிற்கும் அந்தப் படத்தைக் கேட்டார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு முறை பார்த்தேன். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, வலது கை கட்டைகளின் மேல், இடது கை சுரத்தை வளைக்கும் சக்கரத்தின் மேல். வாழ்நாளில் ஒருமுறைகூட நீங்கள் அந்தச் சக்கரத்தைச் சரியாகத் திருப்பியதில்லை. முகப்பில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. கரண்டே கொடுக்காத கருவிக்கு முன்னால் நின்று இசையில் மூழ்கிக் கொண்டிருக்கிறீர்கள். மாங்கனித் திருவிழா மேடையில் எடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள். நம் வீட்டுக் கூடத்தில் பின்னால் போர்வையைக் கட்டி எடுத்தது அது. ஆணி பிடிக்காததால் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். இசைக்காகவே வாழ்ந்தவர் என்று அதில் இருக்கிறது. அது அவர்களுக்கு. இது உங்களுக்கு.

தாலுகா அலுவலகத்தில் எழுத்தர், சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுத் தலைவர். அதுதான் நீங்கள். ஆர்மோனியத்தில் விரல் ஓடும், ஒரு முறை கேட்ட மெட்டைத் திருப்பி வாசிப்பீர்கள். அதை நான் மறுக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், மகனுக்காக வாங்கிய சிந்தசைசரை மகன் தொடவே இல்லை என்று உங்களிடம் விட்டுவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு, "நூத்துக்கு மேல வாத்தியம் இருக்கு இதுக்குள்ள" என்று அறிவித்தீர்கள். கணக்கு உங்களுடையது. கருவியில் இருந்தது அறுபத்து நான்கு ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

பிறகு பத்து விரலையும் கட்டைகளின் மேல் வைத்து அழுத்தினீர்கள். ஆறு சுரம்தான் கேட்டது. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று, பிரான்சுக்குத் திரும்பிப் போய்விட்ட அந்த மனிதரை இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு ஒரே நேரத்தில் ஆறு குரல்தான், ஏழாவதை அழுத்தினால் முதலில் ஒலித்தது நின்று புதியதற்கு இடம் விடும் என்று நான் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

அந்தப் புத்தகம் முழுக்கப் பிரஞ்சு. சுரக்குடியில் நெல் போட்ட குடும்பத்துப் பெண் நான். பஸ்ஸேறிக் காரைக்காலுக்கு வந்து படித்தபோது பள்ளியில் பிரஞ்சை எடுத்தேன், கல்லூரியில் இயற்பியல். ஆசிரியர் வேலைக்குப் பதிந்துவிட்டு ஆணைக்காகக் காத்திருந்த வருடங்களில்தான் இந்தக் கருவி வந்தது. படித்த பெண்டாட்டி என்று வெளியில் சொல்லிக்கொள்வீர்கள். வீட்டுக்குள் அந்தப் படிப்புக்கு நீங்கள் ஒரு வேலையும் வைத்ததில்லை. புத்தகம் பார்த்து வாசிக்கிறவன் கலைஞன் இல்லை என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினீர்கள். நான் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மதியங்களில் அந்தக் கருவி என்னுடையது. எனக்கு வாசிக்க வராது, இன்றைக்கும் வராது. ஆனால் கேட்க வரும். வயலின் என்று எழுதியிருந்த எண்ணில் இருந்தது வயலின் இல்லை. வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல் அதில் கிடையாது. புல்லாங்குழலில் மூச்சு கிடையாது. நீங்களாக ஓர் எண்ணுக்கு நாகசுரம் என்று பெயர் வைத்து முகூர்த்த நேரத்தில் வாசித்தீர்களே, தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டுக்கு அதைவிட நல்ல சாரீரம். இன்னொன்றைப் போல நடிக்கும்போதெல்லாம் அந்தக் கருவி கேவலமாக இருந்தது. நீங்கள் அதை நடிக்க மட்டுமே வைத்தீர்கள்.

நடிக்க விடாமல் அதன் சொந்தக் குரலைத் தேடினேன். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே இரண்டு அலைகள் பிறந்தன. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் தட்டையாக இருக்கும். ஒன்றை மயிரிழை அளவு விலக்கினால், கூடியும் பிரிந்தும் ஒலி மெல்ல ஏறி இறங்கும். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு விம்மல் என்று பெயர். அப்பாவின் டீசல் இன்ஜினும் பக்கத்து வயல் இன்ஜினும் ஒன்றாக ஓடும் காலைகளில் வரப்பில் நின்று நான் கேட்ட ஒலி அது. பிறகு, கூர்மையான மேல்சுரங்களை வடிகட்டும் குமிழை முதலில் மூடிவைத்து, கட்டையை அழுத்திய பின் மெதுவாகத் திறக்கும்படி செய்தேன். விரலை எடுத்த பிறகும் சட்டென்று நிற்காமல் ஒலி தேய்ந்து போகும்படி வைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. எந்த வாத்தியத்தைப் போலவும் இல்லாத ஓர் ஒலி கிடைத்தது. இருபத்தேழாம் எண்ணில் அதைச் சேமித்தேன்.

ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டீர்கள். நான் எழப் போனேன். "இரு. இன்னொரு தடவ அழுத்து" என்றீர்கள். அழுத்தினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து கேட்டீர்கள். ஒலி தேய்ந்து முடிந்த பிறகு, "எங்கம்மாவ எடுத்துட்டுப் போனப்பறம் வீடு இப்படித்தான் இருந்துச்சு" என்றீர்கள்.

காது இல்லாதவர் என்றால் உங்களை மன்னித்திருப்பேன். உங்களுக்குக் காது இருந்தது.

அந்த வாரமே இருபத்தேழு மேடை ஏறியது. சோகப் பாட்டுக்கும் அதுதான், குத்துப் பாட்டுக்கும் அதுதான். திருமலைராயன்பட்டினத்தில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து கேட்டேன். கூம்பு ஸ்பீக்கர் கிழியும் அளவுக்குச் சத்தம் வைத்து, அதற்கு மேல் எதிரொலியும் சேர்த்து, மூன்று வாரத்து வேலையை மூன்று நிமிடத்தில் கூழாக்கினீர்கள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் மேலும் எனக்கு அன்றைக்கே மரியாதை போய்விட்டது. இந்தச் சத்தத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, தவம் மாதிரி உட்கார்ந்து செய்தேன் என்று மைக்கிலேயே சொன்னீர்கள்.

திருநள்ளாற்றில் ஒரு கல்யாணத்துக்கு, மெட்ராஸில் சினிமாப் பாட்டுக்கு இசை கோக்கும் ஒருவர் வந்திருந்தார். உங்கள் வாசிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரே ஒலியைப் பற்றித்தான் கேட்டார். அவர்களுடைய ஸ்டூடியோவிலும் இதே கருவி இருக்கிறதாம், இந்த ஒலி வரவே இல்லையாம். வந்து அமைத்துத் தரும்படி அழைத்தார். வீட்டுக்கு வந்து, இருபத்தேழில் எந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னீர்கள். நானும் வருகிறேன் என்றேன். "அங்கெல்லாம் பொம்பளைய அழைச்சுக்கிட்டுப் போனா என்ன நெனப்பாங்க?" என்றீர்கள்.

எழுதிக் கொடுத்தேன். ஒன்றைக்கூட மாற்றி எழுதவில்லை. மாற்றி எழுதியிருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அது உங்களை விட்டுவிட்டு என் ஒலியைத்தான் கெடுத்திருக்கும். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, துணைக்குத் தபேலா வாசிக்கும் செல்வராசுவுடன் பஸ் ஏறினீர்கள்.

திரும்பி வந்ததும் மெட்ராஸ்காரனுக்கு ரசனை இல்லை என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நீங்கள் இல்லாத நேரத்தில் செல்வராசு வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னார்.

அங்கே கருவியைச் சுற்றி ஏழெட்டு பேர் நின்றார்களாம். அத்தனை பேருக்கு முன்னால் தாளை எடுக்க உங்களுக்குக் கூச்சம். மனசில் இருந்ததை வைத்துத் திருகினீர்கள். ஏதேதோ வந்தது, அது மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் பொறுத்த பிறகு, அந்த ஏற்ற இறக்கத்தையாவது கொஞ்சம் மெதுவாக்கிக் காட்டுங்கள் என்று அவர் கேட்டாராம். நீங்கள் ஒலியளவைக் குறைத்தீர்களாம். யாரோ சிரித்திருக்கிறார்கள். அப்போது நீங்கள் சொன்னதைச் செல்வராசு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அது நான் செஞ்சதில்லீங்க. வீட்ல தூசி தொடைக்கறப்ப எதையோ திருகிட்டா. அதுவா வந்த சவுண்டு."

தாள் அப்போதும் உங்கள் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. என் கையெழுத்தை நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டுதான் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். பொய் உங்களுக்குப் புதிதில்லை, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. முதல் தடவையாக ஒலி உங்களுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டீர்கள். அந்த உண்மையைக்கூட என்னைத் துடைப்பக்காரியாக்கித்தான் உங்களால் சொல்ல முடிந்தது.

ஆனால் மெட்ராஸ்காரர் முட்டாள் இல்லை. செல்வராசு வந்து போன அடுத்த வாரம் உங்கள் பெயருக்கு ஓர் இன்லாண்ட் கடிதம் வந்தது. நீங்கள் ஆபீசில். நான் பிரித்தேன். நலம் விசாரிப்புக்குப் பிறகு ஒரே ஒரு செய்தி. குருட்டாம்போக்கில் திருகி வரக்கூடிய ஒலி இல்லை அது, ஆகவே தூசி துடைத்தவரிடம் விவரம் கேட்டு எழுதவும், அவரே வந்தால் மிகவும் நல்லது.

கடிதத்தை உங்கள் மேசையில் வைத்தேன். மாலையில் நின்றபடியே படித்தீர்கள். இரண்டாம் தடவையும் படித்தீர்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காபி இருக்கா?" என்றீர்கள்.

போட்டுக் கொடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். நீங்கள் தடுக்கவில்லை, நான் கேட்கவில்லை. மெட்ராஸுக்கு நானே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. உங்கள் மேல் எனக்குள்ள இளப்பத்தில் ஒரு பங்கு அந்தக் காபியைக் கலக்கிய கைக்கும் உண்டு.

மறுநாள் இருபத்தேழாம் எண்ணை அழித்தேன். நினைவகத்தைப் பூட்டும் சிறு விசை கருவியின் பின்பக்கம் இருக்கிறது. அது அங்கே இருப்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. அழித்த பிறகு, எல்லா அளவுகளையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, விம்மலை மெதுவாக்க எந்தக் குமிழை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்து, மெட்ராஸுக்கு அனுப்பினேன். என்னால் வர இயலாது என்று எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன்.

மேடையில் நீங்கள் மறுபடி அந்த வயலினுக்கே போனீர்கள். ஒலி எங்கே போயிற்று என்று என்னிடம் கேட்கவில்லை. ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே மாதிரிதான் கைதட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் நீங்கள் முற்றத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தீர்கள். ரேடியோவில் புதுப்பாட்டு ஒன்று. சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று, அந்த ஒலி தனியாக எழுந்தது. விம்மல் நான் வைத்ததைவிட மெதுவாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உங்கள் கை நின்றது. கண்ணாடியைப் பார்த்தபடியே, "பாத்தியா, நம்ம சவுண்டு" என்றீர்கள்.

நம்ம.

கையில் இருந்த குண்டானைக் கீழே வைத்தேன். "என்னோடது. நாந்தான் எழுதி அனுப்புனேன்" என்றேன்.

நீங்கள் பாதி முகத்தில் சோப்போடு எழுந்து கூடத்துக்குப் போய், ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடம் எனக்கு வேலை ஆணை வந்தது. பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை அறிவியல் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு இசைக்கவைகளை மேசைமேல் வைத்து, ஒன்றின் கிளையில் மெழுகு ஒட்டித் தட்டினால் விம்மல் கேட்கும். பிள்ளைகள் காதைக் கிட்டே கொண்டுவருவார்கள். சோதனை ஏட்டில் செய்தவள் பெயரை முதல் வரியில் எழுத வேண்டும் என்பது என் கண்டிப்பு. அதை மறந்த ஏட்டை நான் திருத்தியதே இல்லை.

சத்தத்தைக் கூட்டியது என் வாயை அடைக்கத்தான் என்று நான் முடிவு செய்து வைத்திருக்கிறேன். நீங்கள் அப்படிப்பட்டவர்தான். உங்களை அலட்சியமாக நினைத்துக்கொண்டு மீதி நாளை ஓட்ட அந்த முடிவு எனக்கு வசதியாகவும் இருக்கிறது. ஆனால் பாட்டு முடியும்வரை நீங்கள் அங்கேயே நின்றீர்கள். முகத்தில் சோப்பு உலர்ந்து வெடிக்கும்வரை நின்றீர்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நானும் சொல்லவில்லை.