முன்ஸிஃப் கடையில் உன் படம்

ஸ்ஃபாக்ஸ்

அன்பு மகன் வஸீமுக்கு,

இறைவன் அருளால் நானும் அப்பாவும் நலம், லியோன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். போன மாதம் நீ தொலைபேசியில் கேட்டாய், நீ எழுதிய மருந்துக்கடை மென்பொருளை நம் ஊரில் ஒருவராவது பயன்படுத்துகிறார்களா என்று. அரபுப் பதிப்பு விற்கவே இல்லை, அதையும் உன் வேலையையும் சேர்த்து நிறுத்தப்போவதாக முதலாளி சொல்கிறார் என்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை, இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வீட்டில் இப்போது ஊருக்கே போதுமான இருமல் மருந்து இருக்கிறது. எல்லாக் கடையிலும் உன் மென்பொருள்தான் ஓடுகிறது, எல்லாமே முன்ஸிஃப் விற்ற திருட்டுக் குறுந்தகடு.

முன்ஸிஃபை நினைவிருக்கிறதா, என் வகுப்பில் பக்கத்துப் பையனின் கணக்கை அவன் பெயரோடு சேர்த்துக் காப்பியடித்தவன். உறையில் உன் கல்யாணப் படத்தை ஒட்டியிருக்கிறான். கேட்டால் அவனுக்குத்தான் வருத்தம். "டீச்சர், நம்ம ஊர்ப் பிள்ளைன்னு பெருமையாத்தானே விக்கிறேன், வேற யாருக்காவது படம் ஒட்டியிருக்கேனா?" என்றான். உன் அப்பாவும் பெருமையில் அவனிடமே நாலைந்து வாங்கி உறவினருக்குப் பரிசளித்திருக்கிறார். ஊரே ரொட்டியை எடுத்துக்கொண்டு பாராட்டை மட்டும் கொடுத்தால் ரொட்டிக்காரன் நாளைக்கு எதை வைத்து மாவு வாங்குவான் என்றேன். ரொட்டி எடுத்தால் குறையும், இது குறையவில்லையே என்றான். கணக்கு டீச்சருக்கே கணக்குச் சொல்கிறான். "குறையறது வஸீம்தான்டா, அவனுக்கு வேலை போகப்போகுது" என்றேன். அவன் படத்தைக் கிழியாமல் உரித்து என் கையில் கொடுத்தான்.

அடுத்த வாரமே உன் சித்தப்பா ஹெடியின் மருந்துக்கடையில் திருட்டு மென்பொருளுக்காகப் போலீஸ் சோதனை, கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீதிமன்றத்தில் அவர், அண்ணன் மகன் எழுதியது, குடும்பச் சொத்து என்று வாதாடியிருக்கிறார். "அண்ணன் மகன் டாக்டரா இருந்தா ஆஸ்பத்திரியையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவீரா?" என்று கேட்டுவிட்டு நீதிபதி அபராதம் போட்டாராம். சித்தி இன்னும் அவரோடு பேசவில்லை.

இப்போது கடைக்காரர்கள் எல்லாரும் பயந்துபோய், அசல் எங்கே கிடைக்கும் என்று நம் வீட்டுக்கே வருகிறார்கள், முன்ஸிஃப் முறைப்படி ரசீது போட்டு விற்கத் தயார் என்கிறான். ஆனால் பிரான்ஸ் விலையைக் கேட்டதும் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மாதாமாதம் தவணை கட்டுகிற மாதிரி என்றால் கட்டுவார்களாம். உனக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசிகள், இறைவன் உங்களைக் காக்கட்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நாளைக் காலை முதலாளியிடம் போய், ஸ்ஃபாக்ஸ் கடைகளுக்கு மாதத் தவணையில் ஒரு விலை கேட்டுப் பார்.

உன் அம்மா,
நஜீபா