பதினொன்று பாக்கி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒன்று போயிற்று. மகனின் பெட்டியில் தூண்டிலில் கட்டும் பொய்மீன்கள் முதலில் பதினைந்து இருந்தன. இப்போது பதினொன்று.

அவன் லாரியில் அடிபட்டுப் போய் ஏழு மாதம். அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு இவர் தினமும் ஏரிக்குப் போகிறார். மீன் கிடைத்தாலும் விட்டுவிடுகிறார். பொய்மீன் அடியில் எதிலாவது மாட்டிக்கொண்டால்தான் முகம் மாறுகிறது. இன்று அதை எடுக்க இடுப்பளவு இறங்கிவிட்டார். நீச்சல் தெரியாது. “ஏங்க!” என்று கத்தினேன். யாரோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். “மீன் பிடிக்கப் போறாரா? நல்லதுதானே அண்ணி, மனசு மாறும்” என்கிறாள்.

மார்ச் 5

கடவுளே, அவனை எடுத்துக்கொண்டாய். இவரையுமா?

மார்ச் 7, வெள்ளி

மாட்டிக்கொண்டதை எப்படி எடுப்பது என்று தூண்டில் கடைக்காரரிடம் கேட்டேன். என் வயதுதான் இருக்கும், சிரித்துவிட்டார். “இழுக்காதீங்கம்மா. இழுக்க இழுக்க முள்ளு உள்ளதான் ஏறும். தூண்டில் நரம்பைத் தளர விட்டுட்டு, அந்தப் பக்கம் நடந்து போய், போன வழியாவே திருப்பி எடுங்க. மாமியாகிட்ட பேசுற மாதிரி, மெதுவா.” எழுத்துக்கூட்டிப் படிக்கவே நானாகக் கற்றவள். இதையும் கற்றுக்கொள்ள மாட்டேனா?

மார்ச் 8

வந்துவிட்டது! தளர விட்டேன். பாறையைச் சுற்றி நடந்தேன். நரம்பை விரலால் சுண்டிச் சுண்டி விட்டேன். நாலாவது தடவை சுண்டியதும் கழன்றது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

மார்ச் 11

எதுவும் பலிக்கவில்லை. மார்பளவு போய்விட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்தது. அதற்குள் நரம்பும் அறுந்திருந்தது. பத்து.

நாளைக்கும் மாட்டும். நாளன்றைக்கும் மாட்டும். நான் எத்தனை சட்டையைப் பிடிப்பேன்?

மார்ச் 12, புதன்

மத்தியானம் அவர் தூங்கும்போது குறடு எடுத்துப் பொய்மீன்களின் முட்களை எல்லாம் வெட்டிவிட்டேன். முள் இருந்தால்தானே மாட்டும்? ஒன்பது முடிந்தது. பத்தாவது கோலிலேயே கட்டியிருந்தது, கோல் அவர் தலைமாட்டில். வெட்டியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மனதாரப் பிரார்த்தித்தேன். இது தோன்றவே இத்தனை நாள் ஆயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 13

பெட்டியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அவன் கட்டினதுடி. கடை முள்ளு சரியில்லன்னு கழட்டிட்டு, ஒவ்வொண்ணா உக்காந்து நூல் சுத்திக் கட்டினான்டி... எங்க போட்ட?”

முள்ளில் சிவப்பு நூலைப் பார்த்தேனே! கடையிலேயே அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது. தெருமுனைத் தொட்டியில் கைவிட்டுத் தேடினேன். இல்லை.

பாவி. நான்தான், வேறு யார்.

மார்ச் 14

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். யாரிடம் முதலில் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே போனேன். மூன்றாவது வீச்சில் மாட்டிக்கொண்டது. கோலை என்னிடம் நீட்டினார். தளர விட்டேன், சுற்றி நடந்தேன், சுண்டினேன். சுண்டிச் சுண்டி விரல் அறுத்துக்கொண்டது. வரவில்லை.

செருப்பைக் கழற்றினார். கத்த எனக்கு வாயில்லை. நான் செய்த காரியத்துக்கு எந்த முகத்தோடு தடுப்பேன்? நானும் கழற்றிவிட்டு இறங்கினேன்.

“நீ எங்க வர்ற? சளி பிடிக்கும்.”

“பிடிக்கட்டும்.”

முழங்கால் தண்ணீரில் இருவரும் நின்றோம். ரொம்ப நேரம். எனக்குப் பல் கிட்டியது. அவர் என் கையிலிருந்த நரம்பை வாங்கினார். வாயில் வைத்துக் கடித்து அறுத்தார்.

மார்ச் 19

இன்று ஏரிக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தார். அவன் ஆறு வயதில் வழி தவறிப் போய், போலீஸ்காரர் தோளில் தூங்கிக்கொண்டே திரும்பி வந்த கதையை ஆரம்பித்தார். தேடி ஓடினவளே நான்தான். இருந்தும், அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அப்புறம்?” என்றேன்.