சாம்பல் பூச்சில் ஒரு கோடு

கெட்டில் க்ரீக், மிசௌரி
அக்டோபர் 6, 1996

என் மகன் கோல்பிக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். பசுக்களும் சுகம். உன் நாய் மட்டும் ஸ்கங்க் என்கிற நாற்றப் பிராணியைத் துரத்திப் போய், அது பீச்சிய நாற்றத்தோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. குளிர்காலத்துக்கென்று நான் புட்டியில் போட்டு வைத்திருந்த தக்காளிச் சாறெல்லாம் அந்த நாற்றத்தைப் போக்க அதன் தலையில்தான் போயிற்று. இன்னும் மழை பெய்தால் நாறுகிறது. நீ கேட்ட கம்பளிக் காலுறைகளைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். ஜப்பானில் உங்கள் கடற்படைக் கப்பல் நிற்கும் நாட்களிலாவது வேளைக்குச் சாப்பிடு.

இதற்குப் பதில் எழுதும்போது வீட்டு முகவரிக்கு எழுதாதே. தபால் பெட்டியை அப்பாதான் திறக்கிறார். சபை முகவரிக்கு, போதகர் மனைவி ஐரீன் பெயருக்கு எழுது. நீ போன் பண்ணும்போதும் அப்பா என் தோளை ஒட்டி நிற்கிறார். அங்கே எதையும் கேட்க முடியாது.

அப்பா உனக்காக ஒரு ரைபிள் செய்வது உனக்குத் தெரியும். தாத்தா கொரியா போரில் சுமந்த அதே ராணுவ வகை. ஒரு காது செவிடு என்று ராணுவம் தன்னைத் திருப்பி அனுப்பியதை உன் அப்பா இன்றுவரை மறக்கவில்லை. நீ சீருடை போட்ட நாளிலிருந்து அந்த ரைபிள் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாகம் பாகமாக வாங்கினால் மலிவு என்றுதான் தொடங்கினார். அவருடைய சிநேகிதர் மெர்ல் அப்போதே சொன்னார். “டேய் ஹாலிஸ், அரசாங்கமே பழசை முழுசா விக்குது. வாங்கித் தொடச்சு வச்சுட்டுப் போவியா, ரொட்டி திங்கணும்னு கோதுமை வெதச்சுக்கிட்டு நிக்கிறியே!”

அப்பா சிரிக்கவில்லை. “அது அரசாங்கம் குடுக்கிறது. இது நான் என் பையனுக்குக் குடுக்கிறது” என்றார்.

பிறகு நடந்ததை நான் வீட்டுக் கணக்கில் பார்க்கிறேன். குழலைத் திருகி இறுக்க ஒரு கருவி. அந்தக் கருவிக்குத் தோதாக ஒரு இரும்புப் பிடி. பிடியைத் தாங்க ஒரு புது மேசை. ‘ரைபிள்’ என்று நான் எழுதியது கொஞ்சம்தான். ‘டீசல்’, ‘தபால்’, ‘மரப்பலகை’ என்று எழுதிய இடங்களில்தான் அது உட்கார்ந்து தின்றிருக்கிறது. கூரை ஒழுகும் மூலையில் பக்கெட் வைத்திருக்கிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை; மனிதர் சந்தோஷமாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. போன வாரம் துப்பாக்கி இரும்புக்குச் சாம்பல் நிறப் பூச்சு கொடுத்தார். அதை மருந்துத் தண்ணீரில் கொதிக்காமல், ஆறாமல், ஒரே சூட்டில் வைக்க வேண்டுமாம். நான் பீச் பழம் புட்டியில் போடுகிற பெரிய ஸ்டீல் பானை அதற்குத்தான் போயிற்று. இனி அதில் யாரும் எதையும் தின்னக் கூடாது. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு அடுப்பைக் கூட்டிக் குறைத்தது நான்.

குழலும் தாழும் வந்து பொருந்தும் நடுக்கூடு இருக்கிறதல்லவா, சுடும்போது முழு அடியையும் தாங்குகிற பாகம், அதைத் தூக்கியபோது எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல். குறுக்கே மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெளுத்திருந்தது. ஆறிப்போன தழும்பு மாதிரி.

“தண்ணி சரியாப் படல” என்று அப்பா மறுபடி முக்கினார். மறுபடியும் அதே இடத்தில் அதே கோடு. அதன்மேல் எண்ணெய் தடவினார். பிறகு மேசை விளக்கை மறுபக்கம் திருப்பி வைத்தார். அவர் விளக்கைத் திருப்பியதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தக் கூடு ஒரு துப்பாக்கிச் சந்தையில், ரசீது தராத ஆளிடம் வாங்கியது. நீ கப்பலில் வெல்டிங் வேலை செய்கிறவன். இரும்பில் இப்படி ஒரு கோடு எதனால் வரும்? எனக்குத் தைரியம் வருகிற மாதிரி அல்ல, உள்ளதை எழுது.

ஆண்டவர் உன்னைக் காற்றுக்கும் கடலுக்கும் விலக்கிக் காத்துக்கொள்வாராக.

உன் அம்மா,
வெர்னா

---

கெட்டில் க்ரீக்
அக்டோபர் 27, 1996

அன்பு மகனுக்கு,

உன் பதில் போன ஞாயிறு கிடைத்தது. ஐரீன் அதைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, ஏதோ கள்ளக் காதலுக்குத் தூது போகிறவள் மாதிரி கண்ணைச் சிமிட்டிக் கொடுத்தாள். வாசித்த பிறகு எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

வெல்டிங் பட்ட இரும்புதான் பூச்சை வேறு மாதிரி வாங்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சூட்டில் இரும்பின் உறுதி போய்விடும், பார்வைக்கு முழுசாக இருக்கும், என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது என்றும். “அம்மா, அதை யாரும் சுடவிடாதே” என்ற வரியை நான் இத்தனை தடவை வாசித்ததில் மடிப்பில் காகிதம் கிழிந்துவிட்டது.

மெர்லிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ராணுவம் வேண்டாத துப்பாக்கிகளின் கூடுகளைத் தீயால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டதாம். எவனோ ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டி, அரம் போட்டுத் தேய்த்து, முழுசு என்று விற்றிருக்கிறான்.

மெர்ல் வீட்டுக்கு வந்தார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், “டேய், புதுசாச் சேத்த துப்பாக்கிய டயர்ல கட்டி, தூர நின்னு கயித்தால விசைய இழுக்கிறதுதானே நம்ம வழக்கம்? வா, ஒரு தடவ இழுத்துப் பாத்துருவோம்” என்றார். அவர்கள் துப்பாக்கிச் சங்கத்தில் எல்லோரும் செய்வதுதான். உன் அப்பாவே எத்தனை பேருடையதை இழுத்திருக்கிறார்!

“உன் ஓட்ட ஒடசலுக்கு அது சரி. இதோட முதல் குண்டு கோல்பி தோள்லேர்ந்துதான் போகும்.”

“தோள் இருந்தாத்தானேடா போகும்?”

அப்பா காபிக் கோப்பையை வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மெர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் இவரோடு விடிய விடிய நின்ற மனிதர். இன்று சபையில் எங்கள் வரிசையில் உட்காரவில்லை.

நீ விடுப்பில் வந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை முதல் குண்டு சுடப்போகிறாய் என்று அப்பா சபையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பெண்கள் யார் என்ன சமைத்து வருவது என்று பேசி முடித்தாயிற்று. துப்பாக்கிக் கட்டையில் உன் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு பதித்தாயிற்று. தினமும் அதைத் துடைக்கிறார்.

நான் பேசாமல் இல்லை. சாப்பாட்டு மேசையில், “ஹாலிஸ், அந்தக் கோடு” என்று தொடங்கினேன். செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் காது திரும்பினால் பேச்சு முடிந்தது என்று உனக்குத் தெரியும்.

குளத்தில் தூக்கிப் போட்டுவிடலாமா என்று ஜெபத்தில்கூடக் கேட்டேன். போட்டால் இன்னொன்று செய்வார். அடுத்ததை என் அடுப்பில் செய்யமாட்டார், எனக்குத் தெரியாத இடத்தில் செய்வார்.

நீ வந்து சுடமாட்டேன் என்று சொல்லலாம். சபை முன்னால் அவரை அப்படி நிறுத்தினால் மனிதர் தாங்கமாட்டார். அல்லது உனக்கு முன்னால், ‘பாருங்கள்’ என்று தன் தோளிலேயே வைத்துச் சுட்டுக் காட்டுவார். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆகையால் நீ அவருக்கு எழுத வேண்டும். கோட்டைப் பற்றி எழுதாதே. வெல்டிங் என்ற சொல்லே வேண்டாம். கப்பலில் புதுக் குழாய் போட்டால் ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம் என்று எனக்குச் சொன்னாயே, அதை எழுது. என் ரைபிளையும் அப்படி ஒரு தடவை இழுத்துப் பார்த்து வையுங்கள், அப்பா, என்று கேள். எனக்காகச் செய்யமாட்டார். மெர்லுக்காகவும் செய்யமாட்டார். நீ கேட்டால் செய்வார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது, கண்ணா. தபால் மெதுவாகத்தான் வருகிறது.

ஜெபத்தோடு,
அம்மா

---

கெட்டில் க்ரீக்
டிசம்பர் 1, 1996

கோல்பி,

இதை உட்கார்ந்து வாசி. எல்லோரும் உயிரோடு, உடம்பில் கீறல் இல்லாமல் இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ அப்பாவுக்கு எழுதியது நன்றி கூறும் நாளுக்கு முன்பே வந்துவிட்டது. தபால் பெட்டியருகே நின்றே வாசித்தார். என்னிடம் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் சட்டை மாற்றியபோது அதுவும் பை மாறியது. அந்த நாள் வான்கோழி விருந்தில் பாதித் தட்டோடு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாள் காலை, “துணி காயப்போடற கயிறு வேணும், வெர்னா” என்றார். அவிழ்த்துக் கொடுத்தேன்.

குளத்தங்கரையில் பழைய டிராக்டர் டயரில் ரைபிளைக் கட்டினார். முன்னால் கரை மண், பின்னால் வைக்கோல் கட்டுகள். நாங்கள் லாரிக்கு மறுபக்கம் குனிந்துகொண்டோம். கயிற்றைப் பிடித்தவர் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையில் கொடுத்தார். “நீ இழு” என்றார்.

ஆண்டவர் பெயரைச் சொல்லி இழுத்தேன். வெடித்தது. எட்டிப் பார்த்தால் ரைபிள் அப்படியே இருக்கிறது.

அப்பா சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. “பாத்தியா! எங்க போனான் மெர்ல்? கூப்பிடு அவன!” என்று குதித்து எழுந்தார். ரைபிளை அவிழ்க்கக் கத்தியை எடுத்துவிட்டார். எனக்கே வெட்கமாகிவிட்டது, இந்த மனிதர் வேலையை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று. ஆனாலும் நீ எழுதிய ‘என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது’ என்ற சொல் காதிலேயே நின்றது.

“இன்னொண்ணு, ஹாலிஸ்.”

“ஒண்ணு போதாதா உனக்கு?”

“கோல்பி ஒண்ணோட நிறுத்துவானா? சபை முழுக்கப் பாத்துக்கிட்டு நிக்கும்.”

முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தோட்டா போட்டார். அதுவும் நன்றாகப் போயிற்று. இந்தமுறை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தானாகவே மூன்றாவதைப் போட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் குனிந்து, “ம்” என்றார்.

அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. செவிட்டுக் காதுக்கே கேட்டது. அவர் கை என் தலையை அமுக்கியது.

கூடு அந்தக் கோட்டிலேயே விட்டுப் போயிருந்தது. முன்பாதி டயரில் கட்டியபடி இருந்தது. பின்பாதியைத் தேடினோம். வைக்கோல் கட்டுக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைந்து கிடந்தது. துப்பாக்கிக் கட்டை, கன்னத்தை வைக்கிற இடத்தில் பிளந்திருந்தது. பித்தளைத் தகடு மட்டும் ஒரு கீறலும் படாமல் மின்னியது.

அப்பா அந்தப் பிளவில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு லாரியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தார். “அந்தக் கோட்ட நான் அன்னிக்கே பாத்தேன், வெர்னா” என்றார்.

“தெரியும்” என்றேன். மெர்ல் எங்கிருந்தோ சத்தம் கேட்டு வந்து, ஒரு கேலி வார்த்தை சொல்லாமல், துண்டுகளைச் சாக்கில் பொறுக்கிப் போட்டார்.

இன்று சபையில் மெர்ல் எங்கள் வரிசையில் உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமை விருந்து உண்டு, சுடுவது இல்லை என்று ஐரீன் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இவ்வளவும் நல்ல செய்திதான். நான் பானைக்கும் கயிற்றுக்கும் கணக்கு எழுதி முடித்துவிட்டேன். ஆனால் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாத ஒன்று மிச்சமிருக்கிறது.

அப்பா பட்டறைக்குப் போவதில்லை. உன் படம் மாட்டியிருக்கிற சுவரைத் தாண்டும்போது தரையைப் பார்த்து நடக்கிறார். நீ வருகிற அன்று கன்சாஸ் சிட்டி விமான நிலையத்துக்கு மெர்ல் போகட்டும், தனக்குப் பசுத்தொழுவத்தில் வேலை இருக்கிறது என்கிறார். அன்றைக்கு என்ன வேலை என்று கேட்டேன். செவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் பண்ணு. ‘அப்பா, நீங்கள் வந்தால்தான் நான் விமான நிலைய வாசலைவிட்டு வெளியே வருவேன்’ என்று சொல். சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடி. ரைபிளைப் பற்றி நீயாக ஒன்றும் கேட்காதே. அவர் சொல்ல வந்தால் முழுக்கக் கேள், நடுவில் சமாதானம் சொல்லாதே.

அவர் வந்து நின்றால், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு முதலில் அவரைக் கட்டிக்கொள். நான் பிறகு. அவர் உன் முகத்தை ரொம்ப நேரம் பார்ப்பார், மகனே. கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்ப்பார். சுற்றி ஆட்கள் இருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிவிடாதே. பார்க்கவிடு.

ஆண்டவர் உன்னை முழுசாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

அம்மா