சிவப்புத் துணி கட்டிய சிலிண்டர்

பதிவு 1. ஆவணி 9, காலை 7:10
மேற்கிலிருந்து கச்சான் காற்று. கடல் இரண்டாம் மாடி ஜன்னல் வரை நிற்கிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பிரிஸ்கா. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இந்தப் பதிவுக் கருவியிடம் வரும். ஊர் மூழ்குவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். மூழ்கிய தெருக்களில் இறங்கிச் செம்புக் கம்பி எடுப்பது சிசிலி அக்கா. மொட்டைமாடியில் அவள் முதுகுச் சிலிண்டரில் மூச்சுக் காற்று நிரப்புவது நான். பழைய கம்ப்ரசர் நேற்று நின்றுவிட்டது. புதியதை நீயே பார்த்து எடு என்று சொல்லிவிட்டு அப்பா வலைக்குப் போய்விட்டார்.

பதிவு 2. 8:40
கடைப் படகுக்காரர் வயர்லெஸில்:
"பாப்பா, சின்னது சோலார்ல ஓடும். ஒரு சிலிண்டருக்கே முழுப் பகலும் வேணும். ஆனா சுத்தமான காத்து. பெருசு பெட்ரோலு. ரெண்டு சிலிண்டர் சட்டுனு ரொம்பிரும். ஆனா அதோட பொகை, காத்து இழுக்குற குழாய்ப் பக்கம் போயிரப்படாது. வடிகட்டி வாடையத்தான் எடுக்கும், வெசத்த எடுக்காது."
எங்கள் வீட்டுக்குச் சின்னதுதான் சரி. ஆனால் ஒரு சிலிண்டர் என்றால் ஒரு ஆள். அந்த ஆள் எப்போதும் அக்கா. மீன் தலை அவளுக்கு. போகிற படகெல்லாம் அவள் பெயரைக் கூப்பிடும்.
"பெருசு" என்றேன்.

பதிவு 3. 11:20
காற்று இழுக்கும் குழாயை மேற்குச் சுவரில் கட்டினேன். புகைபோக்கி கிழக்கே. அக்கா சிலிண்டர் நிரம்பியது. அடுத்தது எனக்கு. அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். கீழே படகில் அக்கா சிரிக்கிறாள். போகிற படகுகளில் எல்லாரும் அவளோடு சிரிக்கிறார்கள்.

பதிவு 4. 11:45
காற்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பிவிட்டது. புகை குழாய்ப் பக்கம் போகிறது. நிறுத்திவிட்டுத் திரும்ப நிரப்பப் பெட்ரோல் போதாது. நிறுத்தினால் இன்றும் அவள் மட்டும் இறங்குவாள்.
நிறுத்தவில்லை. கொஞ்சம் புகைதானே. மூச்சு விடப்போவது நான்தானே.

பதிவு 5. 12:30
நீச்சல் உடை மாற்றிவிட்டு வந்தேன். என் சிலிண்டர் இல்லை. அவளுடையது இருக்கிறது. அக்கா தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். வயர்லெஸில்:
"ஏட்டி, ஒன் சிலிண்டர நான் மாட்டிக்கிட்டேன். புது மிஷின் காத்து எப்படி இருக்குன்னு நான் மொதல்ல பாக்கேன், பெறவு நீ எறங்கு. ஆசைய வாயத் தொறந்து சொன்னா என்னட்டி, ஊமைக்கோட்டான்?"
மேலே வா என்று கத்தினேன்.
"அம்மாடி, ஒனக்கு இவ்வளவு சத்தம் வருமா!" சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். "தலை கனக்குட்டி... வாசல் எந்தப் பக்கம்..."
கத்திக்கொண்டே இருக்கிறேன். அவள் சிலிண்டரை மாட்டுகிறேன்.

பதிவு 6
தண்ணீருக்குள். முகமூடி மைக்கில் பேசுகிறேன். பதிகிறதா, தெரியவில்லை. அவள் சிலிண்டர் என் முதுகில். நல்ல காற்று. இரண்டு பேருக்குப் போதும். போதும்.
கலங்கல். சுவர். படிக்கட்டு.
சிவப்புத் துணி தெரிகிறது. அக்கா.
அசைகிறது. நீரோட்டமா, அவள்தான் அசை— (பதிவு இங்கே அறுகிறது.)