வாட்டி மட்ச் கடற்காகத்திடம் மட்டும் பேசினார்

மார்ச் 3, 1974
எஃபிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. சிரிக்கிறாள், கை காட்டுகிறாள், என் காதைக் கடிக்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. கிரெகர் மீன்பிடிப் படகிலிருந்து வந்ததும் அழாத குறையாகச் சொன்னேன். "எங்கப்பா கல்யாணம் வரைக்கும் பேசல. அதுக்கப்புறமும் பேசல" என்றான். நல்ல கணவன்!

மார்ச் 5
நர்ஸ் வந்தாள். குழந்தை காதில் ஒரே மொழி விழுந்தால் நல்லதாம். நான் கல்லூரி ஆங்கிலம்தான் பேசுகிறேன். குழப்புகிறவர் அடுத்த வீட்டு வாட்டி மட்ச். ஸ்காட்லாந்தே கொண்டாடும் ஸ்காட்ஸ் மொழிக் கவிஞர். ஒரு ஹெர்ரிங் மீன் செத்ததற்கு நாற்பது பக்கம் ஒப்பாரி எழுதியவர். மதில்மேல் தாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப்பேச்சான அந்த ஸ்காட்ஸில் எஃபியிடம் ஓயாமல் அளக்கிறார்.
அவர் மொழியழகைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கல்லூரியில் பரிசு வாங்கியவள் நான். அதே மொழியைப் பள்ளியில் பேசியதற்குத் தோல்வாரால் அடி வாங்கியதும் நான்தான். எஃபிக்கு அது வேண்டாம்.

மார்ச் 6
சொல்லிவிட்டேன்.
"இவ பேச ஆரம்பிக்கிற வரைக்கும் இவகிட்ட நீங்க எதுவும் பேசாதீங்க, ஐயா."
"ஒரு வார்த்தகூடவா, புள்ள?"
"ஒண்ணுகூட."
"விமர்சகனுங்க முப்பது வருஷமா மூடப் பாத்த வாயி. நீ மூடிட்ட, போ."
தாடி மதிலுக்குப் பின்னால் இறங்கியது.

மார்ச் 9
பேசவில்லை. முகம் காட்டுகிறார். மீன் முகம், பாதிரியார் முகம், பல்செட்டைக் கழற்றிய முகம். இன்று பேட்டி எடுக்க ஆள் வந்தபோது எஃபி முற்றத்தில் இருந்தாள். அதனால் எல்லாக் கேள்விக்கும் சைகையிலேயே பதில். பேட்டி வானொலிக்கு!

மார்ச் 14
வழி கண்டுபிடித்துவிட்டார். தினமும் அவர் தட்டு மீனைத் திருட ஒரு கடற்காகம் வரும். மதில்மேல் அதை நிற்கவைத்து ஒரு நீளக் கவிதை, முடிவில், "போ அங்கிட்டு, களவாணிப் பயலே!"
கேட்டால், "நான் பறவைகிட்டப் பேசறேன். பறவைக்கும் தடையா, புள்ள?" என்கிறார்.
எஃபி வாய்பிளந்து கேட்கிறாள்.

மார்ச் 20
கத்திட்டேன். "ஒங்க பாட்டாலதான் எம்பொண்ணு ஊமையா நிக்கிறா!" — ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் மீன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 21
கடற்காகம் வந்தது. அதனிடமும் அவர் பேசவில்லை.

மார்ச் 22
வாட்டி மட்ச் இறந்துவிட்டார். காலையில், மேசையில் உட்கார்ந்தபடியே, தட்டில் பாதி மீனோடு. கடற்காகம் சன்னல் கண்ணாடியைக் கொத்திக் கொத்தி ஊரைக் கூட்டியது.
கடைசியா நான் சொன்னது அதுவா? அதேதானா?

மார்ச் 24
அடக்கத்தில் யார் எந்தக் கயிறு பிடிப்பது என்று வாட்டியே எழுதிவைத்த அட்டையைச் சவப்பெட்டிக்காரர் கொண்டுவந்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளில் ஆறாவது எஃபிக்காம்! இங்கே பெண்கள் கல்லறைக்கே போவதில்லை, திரும்பி வரும் ஆண்களுக்கு வீட்டிலேயே இருந்து ரொட்டி வெட்டுவோம்.
"எப்ப எழுதிக் குடுத்தார்?"
"வியாழக்கிழமம்மா. அவரே நடந்து வந்தாரு. புரொபசர் பேர அடிச்சிட்டு ஒங்க பொண்ணு பேரப் போட்டாரு. 'அவன் என் கவிதைக்கு விளக்கம் சொல்றவன், இவ கேக்கறவ'ன்னாரு."
வியாழக்கிழமை. நான் கத்தியதற்கு மறுநாள்.

மார்ச் 26
போனேன். ஆண்கள் முறைத்தார்கள். புரொபசர் எலுமிச்சம்பழம் கடித்தவர் போல நின்றார். எஃபி கயிற்று நுனியைப் பிடிக்க, அவள் பின்னால் கிரெகர் பிடித்தான். காற்றின் சத்தம் மட்டும். பெட்டி இறங்கத் தொடங்கியது. மலர்வளையத்தின்மேல் கடற்காகம் வந்து உட்கார்ந்தது.
எஃபி கயிற்றை விட்டாள்.
"போ அங்கிட்டு, களவாணிப் பயலே!"
அதே குரல், அதே இழுப்பு. பாதிரியார் கையிலிருந்து பைபிள் நழுவியது. கயிறு பிடித்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் வாட்டி ஒருபக்கம் சாய்ந்தபடியேதான் உள்ளே போனார். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2
இப்போது வாய் மூடுவதில்லை. எல்லாம் ஊர்ப்பேச்சு. நர்ஸ் ஏதோ குறித்துக்கொண்டு போனாள். குறிக்கட்டும்.
காலையில் மதில்மேல் பாதி மீன் வைத்தேன். கடற்காகம் வந்தது. எஃபியும் நானும் சேர்ந்து திட்டினோம். நாளைக்கு முழு மீனாக வைக்க வேண்டும். சீக்கிரம் தின்றுவிட்டுப் பறந்துவிடுகிறது. எங்களுக்குப் பாதித் திட்டு மிச்சமிருக்கிறது.