வளைவுக்கு ஒரு ராலாமி

திங்கள். தூறல், பனிமூட்டம்.

நகரப் பொலிஸார் வரலாற்று முடிவொன்றை எடுத்துள்ளனர். பஸ் நிலையத்து ஆட்டோக்கள் இன்று முதல் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். இதுவரை மேற்கே பார்த்து நின்றன. எப்படி உயிர் தப்பினோமோ. நிறைவேற்ற நான்கு பொலிஸ் ராலாமிகள், ஒரு விசில், புதிய கூம்புகள்.

பக்கத்து லயத்து வீட்டு ஜோசப் தன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே, "கோயில் கட்டத்தான் தெச பாப்பாங்க சேர். இப்ப ஆட்டோவுக்கும் பாக்குறாங்க" என்றான்.

பள்ளிக்கூடம் முடிந்து வீடு வந்தால் அம்மா முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டு. மதிய நிறுவைக்குத் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு தோட்டத்து வளைவில் பாதையைக் கடக்கையில், நானுஓயாவில் ரயிலைப் பிடிக்க ஓடிய வேன் ஒன்று உரசியதாம்.

"சாக்குதான் கிழிஞ்சிச்சு. மண்ட இருக்குல்ல, விடு."

விட முடியவில்லை.

செவ்வாய். மழை இல்லை.

பொலிஸ் நிலையம். வளைவில் மதிய வேளையில் ராலாமி ஒருவரை நிறுத்தக் கேட்டேன். சிங்களத்தில், மரியாதையாக. சார்ஜன்ட் அதைவிட மரியாதை. அங்கே விபத்து ஏதும் நடந்திருக்கிறதா என்றார். இன்னும் இல்லை என்றேன். அப்படியானால் நல்ல இடம்தானே என்றார். மேலும், ஆட்கள் எல்லாரும் பஸ் நிலையத்தில். கிழக்கு கைக்கு வரும்வரை யாரையும் எடுக்க முடியாது.

வாங்க மறந்தவை: தேங்காய், அம்மாவுக்குத் தைலம்.

புதன். வெயில். துணி காய்ந்தது.

பாதையில் வண்டி பழுதாகி நின்றால் முன்னும் பின்னும் மரக்கிளை ஒடித்துப் போடுவது இங்கே வழக்கம். எந்தப் பலகைக்கும் அடங்காத சாரதி கிளைக்கு அடங்குவான். அம்மாவும் கூட்டாளிகளும் இன்று வளைவின் இரு பக்கமும் சவுக்குக் கிளை போட்டுவிட்டுக் கடந்திருக்கிறார்கள். வேன்கள் ஊர்ந்தனவாம். ஒரு சாரதி தலையை நீட்டி, "வண்டி எங்க உருண்டிருக்கு, அக்கா?"

அம்மா: "இன்னும் உருளல தம்பி. நீங்க மெதுவாப் போங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். நாட்டின் சட்டங்களைச் சவுக்கு இலையில் அச்சடித்திருக்கலாம்.

வெள்ளி. பனி. தலைவலி.

அம்மாவின் முகம் சரியில்லை. "பழகிட்டானுங்க. கொழுந்துக்காரிங்க போட்டதுன்னு கிளை மேலயே ஏத்திட்டுப் போறான்."

பயத்துக்கும் ஆயுள் கொஞ்சம்தான். வேறு என்ன செய்யலாம்? ஏழாம் வகுப்புத் தாள்கள் இன்னும் திருத்தவில்லை.

சனி. பனி, எதிரில் நிற்பவர் தெரியவில்லை.

வளைவில் மரக்கறி லொறி, உண்மையாகவே அச்சு முறிந்து. லொறிக்காரர் முறைப்படி கிளை போட்டிருந்தார். ரயிலுக்கு ஓடிய வேன் கிளை மேலேறி வந்து லொறியின் முதுகில். வேன்காரனுக்குக் கை முறிவு. பாதை முழுக்க லீக்ஸ்.

அம்மா சாக்கோடு பாதையோரம் நின்றிருக்கிறார். கடந்திருந்தால், அந்த இடத்தில்.

இரவு அம்மாவின் சோறு அப்படியே இருந்தது. "நம்ம கிளைன்னு நெனச்சுத்தானே அந்தப் பய வந்தான்" என்று மட்டும் சொன்னார். தட்டை மூடி வைத்தேன்.

செவ்வாய். மறுபடி தூறல்.

வளைவில் ராலாமி ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள். பெண்கள் கிளை போடாமல் பார்த்துக்கொள்ள.

மதிய நிறுவைக்கு அவர் முன்னாலேயே கடந்தார்களாம். அவரைக் கண்டு வேன்கள் நின்றனவாம்.

"பாவம், குளிர்ல நிக்கிறாரு. தேத்தண்ணி குடுத்தோம்" என்றார் அம்மா. இன்று இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

நகரத்தில் ஆள் போதவில்லை. ஆட்டோக்கள் மறுபடி மேற்கே பார்த்து நிற்கின்றன.